திருப்பிப் பார்த்து வாங்குங்கள்: பழைய டை-காஸ்ட் கார்களும் உருமாறும் ரோபோக்களும் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய டை-காஸ்ட் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) பொம்மை கார் ஒன்றைக் கையில் கொடுத்தால், புதிதாக வந்தவர் பெயின்ட்டைப் பார்ப்பார். பழகியவர் காரைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்ப்பார். யார் செய்தது, எந்த நாட்டில் செய்தது, ரிவெட்டை (அடித்தட்டை உடலோடு பூட்டும் ஆணியை) யாராவது நோண்டியிருக்கிறார்களா, அச்சாணி துருப்பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வண்டியாகவோ விமானமாகவோ மடியும் உருமாறும் ரோபோவும் அப்படித்தான். முகம் பளபளப்பாக இருக்கும். விரிசல் விட்டிருப்பது முழங்காலுக்குப் பின்னால்.

எனவே மேல்பக்கத்தைப் பார்த்து ஆசைப்படலாம், கீழ்ப்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் பணம் எடுக்க வேண்டும். இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் ஏமாறுவது பெருமளவு குறையும்.

எதைச் சேர்ப்பது?

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்புபவரின் வீட்டில் ஆறு மாதத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அரைகுறைச் சாமான்தான் மிஞ்சும். ஒரே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம், ஒரு பத்தாண்டு, ஒரு வகை வண்டி என எதுவாகவும் இருக்கலாம். லாரி மட்டும், ஜப்பானிய கார் மட்டும் என்று சேர்ப்பவர்களும் உண்டு.

கார்களில் இரண்டு அளவுகள் முக்கியம். மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ், டோமிகா மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய அளவு, ஏறக்குறைய 7 செ.மீ. டிங்கி, கோர்கி இரண்டும் அடுத்த அளவு, ஒரு கார் சுமார் 10 செ.மீ. நீளம் வரும். இடவசதி, அலமாரியின் ஆழம், செலவு எல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

டிங்கி டாய்ஸ் இங்கிலாந்தின் லிவர்பூலில், பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் மெக்கானோ நிறுவனம் செய்தது. டிங்கி என்ற பெயர் 1934-இல் வந்தது. தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. பழைய டிங்கிகளுக்கு எண்ணோடு ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கும். 1954-இல் அதை மாற்றி மூன்று இலக்க எண்ணாக்கினார்கள். ஒரே காருக்கு இரண்டு எண் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கோர்கி 1956-இல் மெட்டாய் நிறுவனம் கொண்டுவந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடிபோல பிளாஸ்டிக் வைத்து, அதையே விளம்பரமாக்கி டிங்கியோடு மோதினார்கள். 1965-இல் வந்த 261-ஆம் எண், தங்க நிற ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின், இன்றுவரை எல்லோரும் தேடும் வண்டி. அதன் கூரை திறந்து இருக்கையிலிருந்து எகிறி விழும் சின்ன வில்லன் உருவம்தான் பெரும்பாலும் தொலைந்திருக்கும். இப்போது புதிதாகச் செய்து விற்கும் மாற்று வில்லனை வைத்துவிட்டு "முழுமையானது" என்று விற்பார்கள். உருவத்தின் பெயின்ட் காரைவிடப் புதிதாகத் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

மேட்ச்பாக்ஸ் லண்டனில் லெஸ்னி நிறுவனம் 1953-இல் தொடங்கிய வரிசை. இதில் வயதைச் சொல்வது சக்கரம். முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், பிறகு கறுப்பு பிளாஸ்டிக், 1969 முதல் மெல்லிய அச்சாணியில் வேகமாக ஓடும் சூப்பர்ஃபாஸ்ட். ஒரே அச்சில் வந்த ஒரே லாரி, சக்கர நிறம் மாறினால் விலையும் மாறும். சூப்பர்ஃபாஸ்ட் வந்ததற்குக் காரணம் 1968-இல் அமெரிக்காவில் மேட்டல் இறக்கிய ஹாட் வீல்ஸ். அவர்கள் துத்தநாக உடலைப் பளபளப்பாக்கி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் பூசி, டயரில் சிவப்புக் கோடு போட்டார்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக் கார்கள் 1977 வரை வந்தன. சேகரிப்பாளர்கள் 'ரெட்லைன்' என்பது இவற்றைத்தான்.

ஹாட் வீல்ஸ் வாங்குபவர்களில் பாதிப்பேர் முதலில் சறுக்கும் இடம், அடித்தட்டில் உள்ள ஆண்டு. அது அந்த அச்சுக்கு உரிமை பதிந்த ஆண்டு. கார் செய்த ஆண்டு அல்ல. அடியில் 1969 என்று இருக்கும் கார் போன வருடம் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கலாம். 2008 முதல் அடித்தட்டில் தனியாக ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்ட சின்னக் குறி அச்சிடுகிறார்கள். எழுத்து ஆண்டையும் இலக்கம் வாரத்தையும் சொல்லும். அந்தக் குறி இருந்தால், விற்பவர் என்ன கதை சொன்னாலும் அது பழைய கார் இல்லை.

இந்தியாவுக்கென்று இதில் ஒரு தனி வாசல் உண்டு, அதை வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம் தேடுகிறார்கள். கல்கத்தாவில் டிங்கியின் பழைய அச்சுகளைக் கொண்டு 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வார்த்தார்கள். சிலவற்றின் அடித்தட்டில் டிங்கி என்ற எழுத்தை நிக்கி என்று திருத்தியிருப்பது கண்ணுக்கே தெரியும். மில்டன், மேக்ஸ்வெல் இரண்டும் அதே ஊரில் செய்யப்பட்ட கார்கள்தான். பிறகு லியோ மேட்டல் என்ற பெயரில் ஹாட் வீல்ஸ் இங்கேயே தயாரானது. வேறெங்கும் வராத நிறங்கள் அதில் உண்டு. பெயின்ட் தடிமன், வார்ப்பின் சுத்தம் எல்லாம் முன்னே பின்னே இருக்கும். அதைக் குறையாகப் பார்க்காதீர்கள், அதுதான் அடையாளம். தாத்தா வீட்டுப் பரணில் கிடப்பது இவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ரோபோக்கள் எங்கிருந்து வந்தன

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 1984-இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ விற்கத் தொடங்கியது. பொம்மைகள் அதற்கு முன்பே ஜப்பானில் இருந்தன. டகாரா நிறுவனத்தின் டயாக்ளோன் வரிசையிலிருந்து கார் ரோபோக்களும், மைக்ரோ சேஞ்ச் வரிசையிலிருந்து துப்பாக்கி, கேசட் பிளேயர் போன்ற வீட்டுச் சாமான் ரோபோக்களும் வந்தன. டிரான்ஸ்ஃபார்மர்ஸின் நாயகன், லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம், டயாக்ளோனில் 'பேட்டில் கான்வாய்'. எல்லாமே டகாராவுடையவை அல்ல. ஜெட்ஃபயர் என்ற விமான ரோபோ, டகடோகு நிறுவனம் செய்த மாக்ராஸ் (ஜப்பானிய கார்ட்டூன்) விமானம். அதனால்தான் கார்ட்டூனில் ஸ்கைஃபயர் என்று வரும் இதே பாத்திரத்துக்கும் பொம்மைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

கையில் காசு குறைவாக இருப்பவர் கோபாட்ஸிலிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பாண்டாய் 1982-இல் கொண்டுவந்த மெஷின் ரோபோவைத்தான் டோங்கா நிறுவனம் கோபாட்ஸ் என்று விற்றது. சிறியது, கனமான உலோகம், உருமாற்ற நாலைந்து அசைவுதான், தொலைந்துபோகத் தனி ஆயுதங்களும் குறைவு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரசிகர்கள் அதை இளக்காரமாகப் பார்ப்பதால் விலையும் பணிவாக இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு உருவத்தோடும் என்னென்ன வரவேண்டும் என்ற பட்டியலை வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்டிமஸ் பிரைமின் இரண்டு முஷ்டிகளும் தனியாகக் கழல்வன. துப்பாக்கி, ரோலர் என்ற குட்டி வண்டி, எரிபொருள் குழாய், ஏவுகணைகள் எல்லாம் டிரெய்லருக்குள் இருக்க வேண்டும். ஸ்டார்ஸ்கிரீம் வகை ஜெட்டுகளில் இறக்கை, வால்தகடு, முஷ்டி, ஏவுகுழல், தரையிறங்கும் சக்கரம் என்று கழலாத பாகத்தைத்தான் தேட வேண்டும். கேசட் பிளேயராக மாறும் சவுண்ட்வேவின் ஆயுதங்கள் மடித்தால் பேட்டரிபோல் ஆகி, முதுகில் பேட்டரி அறைக்குள் உட்காரும். அந்த அறையைத் திறந்து காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள், காலியாகத்தான் இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

பெரிய செலவு இல்லை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சின்னக் காந்தம், புற ஊதா டார்ச், சமையலறை எலக்ட்ரானிக் தராசு, மென்மையான பல்துலக்கும் பிரஷ், காது பட்ஸ், மேக்கப் பிரஷ். பழுது பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஸ்க்ரூ டிரைவரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பானில் செய்த பொம்மைகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) திருகு. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது, அழுத்தித் திருகினால் வழுக்கி மண்டையைத் தேய்த்துவிடும். தேய்ந்த திருகை எடுக்க முயன்று உடைந்த ரோபோக்கள் ஏராளம். ஜே.ஐ.எஸ். முனையில் 0, 1 என இரண்டு அளவு போதும்.

வாங்குமுன் பத்து நிமிடம்

காரை எடுத்துக்கொள்வோம். கவிழ்த்து, லென்ஸ் வைத்து ரிவெட்டைப் பாருங்கள். தொழிற்சாலை ரிவெட்டின் தலை வழுவழுப்பாக, சுற்றி ஒரே மாதிரி மடங்கியிருக்கும். சுற்றிலும் பளிச்சென்ற வளையம், அரம் ராவிய கோடு, பசைத் துளி, அல்லது ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் திருகு தெரிந்தால் கார் ஒரு முறை பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரித்திருந்தால் பெயின்ட்டும் மாறியிருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே பாருங்கள். மறுபூச்சு கதவு இடுக்கிலும் எழுத்து மேட்டிலும் தடிமனாகத் தேங்கி, வார்ப்பின் மெல்லிய கோடுகளை மழுங்கடித்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா டார்ச்சை அடித்தால், பின்னால் தொட்டுப் பூசிய இடம் மட்டும் வேறு நிறத்தில் திட்டாகத் தெரியும்.

அதே டார்ச்சை அட்டைப்பெட்டி மேலும் அடியுங்கள். காகிதத்தை வெளுக்கச் சேர்க்கும் ஒளிர்பொருள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950-களில்தான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பெட்டி நீலமாக ஜொலித்தால் அது நேற்று அச்சடித்தது. 1960, 70-களின் பெட்டிக்கு இந்தச் சோதனை தீர்ப்பு சொல்லாது. அங்கே அச்சின் புள்ளிகளையும் மடிப்பின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். நிஜமாகப் பழைய பெட்டியில் மடிப்பு ஓரம் வெளுத்து நார்நாராக இருக்கும். நகலில் மடிப்பு கத்தி வைத்தாற்போல் இருக்கும்.

காந்தம் எதற்கு? உடல் துத்தநாகக் கலவை, காந்தம் ஒட்டாது. அடித்தட்டு தகரமாக இருந்தால் ஒட்டும். வார்ப்பு அடித்தட்டுக்குப் பதில் தகரம் செருகியிருக்கிறார்களா என்று இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

அடுத்து அச்சாணி. காரை ஒரு கண்ணாடி மேல் வைத்து விரல் நுனியால் நான்கு மூலையையும் தட்டுங்கள். ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் அச்சாணி வளைந்திருக்கும், இல்லையென்றால் உடலே முறுக்கிக்கொண்டிருக்கும். முதலாவது சின்ன விஷயம். இரண்டாவது வேறு கதை.

அந்தக் கதைக்குப் பெயர் துத்தநாக நோய். இந்தக் கார்களை வார்க்கும் கலவையில் துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் இருக்கும். அதில் சிறிதளவு ஈயமோ வெள்ளீயமோ கலந்துவிட்டால், உலோகத்தின் உள்துகள்களுக்கு இடையே அரிப்பு தொடங்குகிறது. போருக்கு முந்தைய தொழிற்சாலைகளில் கழிவு உலோகத்தை உருக்கிச் சேர்த்தது இதற்கு ஒரு காரணம். உலோகம் உப்பும், நீளும், பெயின்ட் கொப்புளிக்கும், தலைமுடிபோல் விரிசல் ஓடும், கடைசியில் பிஸ்கட்போல் உதிரும். 1930-களின் டிங்கிகள் இதற்குப் பேர்போனவை. மருந்து கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது என்பது மட்டும் ஆறுதல். புழுக்கம் இதை வேகப்படுத்தும். ஜன்னல் தூணிலும் கூரை விளிம்பிலும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். முதல் விரிசல் அங்கேதான் வரும்.

ரோபோவை ஒருபோதும் ஒரே நிலையில் பார்த்து வாங்காதீர்கள். வண்டியாகவும் ரோபோவாகவும், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையிலும் படம் கேளுங்கள். இணையத்தில் என்றால் மெதுவாக உருமாற்றும் வீடியோ கேளுங்கள், தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். பார்க்க வேண்டியவை: மூட்டில் உலோக ஊசி நுழையும் பிளாஸ்டிக் காதுகளில் வெளிறிய கோடு, குரோம் பூச்சின் தேய்மானம், ஸ்டிக்கர் நுனி சுருண்டிருக்கிறதா என்பது, ஏவுகுழலின் ஸ்பிரிங். அமெரிக்க விற்பனைக்கு வந்தவற்றில் பாதுகாப்புக்காக ஸ்பிரிங்கை வலுவிழக்கச் செய்தார்கள். ஏவுகணை பாயாமல் தொப்பென்று விழுந்தால் பழுது என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

மறுவெளியீடு என்ற பொறி இங்கேயும் உண்டு. உடலில் 1980-களின் ஆண்டு அச்சிட்டிருந்தாலும், 2000-க்குப் பிறகு அதே அச்சில் டகாராவும் ஹாஸ்ப்ரோவும் மீண்டும் வெளியிட்டிருக்கின்றன. 2002-இல் அமெரிக்காவில் வந்த நினைவு வெளியீட்டு ஆப்டிமஸ் பிரைமின் புகைக்குழாய்கள் குட்டையாக இருக்கும். 1984-இன் குழாய் நீளமானது. 1985 முதல் வந்தவற்றில் கட்டைவிரல் சூடுபட்டால் ஆட்டோபாட் (நல்லவர் அணி) அல்லது டிசெப்டிகான் (வில்லன் அணி) முகம் தெரியும் கறுப்புச் சதுர ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நகல்களைப் பிரித்தறியத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் முதல் ஆண்டுச் சரக்கில் அது இருக்காது, அதனால் இல்லாததை வைத்து மட்டும் போலி என்று முடிவுகட்டக் கூடாது.

போலியில் நிறுவனப் பெயர் அழிந்திருக்கும் அல்லது அச்சு மங்கலாக இருக்கும். உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் இருக்கும். தராசு இதற்குத்தான். நம்பகமான ஒன்றின் எடையைத் தெரிந்து வைத்திருந்தால், கிராம் கணக்கு பொய் சொல்லாது.

கழுவுவது

சேகரிப்பில் அதிக நாசம் நடப்பது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் நல்ல எண்ணத்தோடு. பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குப் போடும் புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் டை-காஸ்ட் பக்கம் கொண்டுவராதீர்கள். புளிப்பு துத்தநாகத்தைத் தின்னும். பற்பசையும் கூடாது; அதில் உள்ள பொடி பெயின்ட்டையும் குரோமையும் சுரண்டிவிடும்.

1. முதலில் எல்லாப் பக்கமும் படமெடுங்கள். காகித ஸ்டிக்கர் எங்கே, நீரில் நனைத்து ஒட்டிய சித்திரம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. மேக்கப் பிரஷால் உலர்ந்த தூசியைத் தட்டுங்கள். தூசியோடு ஈரத் துணி போட்டால் அது உப்புக் காகிதமாகிவிடும்.
3. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. காரை மூழ்கடித்து ஊறப்போட வேண்டாம். பிரஷை நனைத்து, பகுதி பகுதியாகத் தேயுங்கள். ஸ்டிக்கர் உள்ள இடத்தில் ஈரமான பட்ஸ் மட்டும்.
4. சுத்த நீரில் அலசி, கவிழ்த்துத் தட்டி, மெல்லிய காகிதத்தில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு. வெயிலில் வேண்டாம்.
5. அச்சாணி இரும்பு, ஈரம் தங்கினால் மறுநாளே துரு. தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு ஒவ்வொரு முனையிலும் வையுங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் அது தூசியைப் பிடித்துச் சேறாகும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறிப் பிசினாகிவிடும்.

ரோபோ மூட்டுக்கு அந்த மெஷின் எண்ணெய்கூட ஆகாது. சுத்தமான சிலிகான் எண்ணெய் வாங்குங்கள். துரு நீக்கும் தெளிப்பு எண்ணெய்கள் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் விரிசலை உண்டாக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கும் அறையில்கூட பிளாஸ்டிக் பொம்மையை வைக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அசிட்டோன் ஒரு துளி பட்டால் போதும், முகம் உருகிவிடும்.

பழைய கார்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். கழுவியபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், உலர்ந்த பெயின்ட்டை உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள், இந்தக் கார்களைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

பிரிப்பது

விலையுள்ள காரைப் பிரிக்கவே வேண்டாம். அடிபட்டு, பெயின்ட் போய், சக்கரம் கழன்ற ஒன்றில் பழகுங்கள்.

காரின் ரிவெட்டை எடுக்க, முதலில் அதன் நடுவில் 'பஞ்ச்' எனும் கூரான உளியால் ஒரு சின்னப் பள்ளம் போடுங்கள். இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கி அடித்தட்டு முழுக்கக் கோலம் போடும். பிறகு 3 மி.மீ. முனையை மெதுவான வேகத்தில் வைத்து, ரிவெட்டின் தலை வளையமாகக் கழலும் வரை மட்டும் குடையுங்கள். கீழே இருக்கும் தூணைத் தொடக்கூடாது. மீண்டும் பூட்டுவதற்கு, தூணின் நடுவில் 1.6 மி.மீ. துளையிட்டு எம்2 (2 மி.மீ.) 'டேப்' என்ற மரை வெட்டும் கருவியால் மரை வெட்டி, எம்2 திருகு போடலாம். டேப்பை அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று கொண்டுபோங்கள், ஒரு சொட்டு எண்ணெயோடு. நேரே திருகினால் உள்ளே உடைந்து நிற்கும், அதை எடுப்பதற்குக் கார் போதும் என்றாகிவிடும்.

ரோபோவில் திருகும் ஊசியும் கலந்திருக்கும். திருகுகள் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் வேறு. ஒரு தாளில் ரோபோவின் உருவத்தைக் கிறுக்கி, கழற்றிய இடத்திலேயே அந்தந்தத் திருகைச் செலோடேப் போட்டு ஒட்டிவையுங்கள். நீளமான திருகு தவறான துளையில் போனால் மறுபக்கம் முட்டிக்கொண்டு வெளியே வரும். பூட்டும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையின் தொடக்கம் வந்ததும் திருகு 'டக்' என்று ஒரு மயிரிழை இறங்கும். அங்கிருந்து முன்பக்கம் சுற்றினால் பழைய பள்ளத்திலேயே போகும். இதைச் செய்யாமல் இறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டிக்கொள்ளும். அப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் துளை கொழகொழவென்றாகித் திருகு நிற்காது.

ஊசியை லென்ஸில் பாருங்கள். ஒரு முனை வழுவழுப்பு, மறுமுனையில் நெடுக்குக் கோடுகள் செதுக்கியிருக்கும். அந்தக் கோடுகள்தான் பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிப்பவை. வழுவழுப்பான முனையில் பஞ்ச் உளியை வைத்துத் தட்டி, கோடுள்ள முனை முதலில் வெளிவரும்படி எடுங்கள். தலைகீழாகத் தட்டினால் கோடுகள் முழுத் துளையையும் ராவிக்கொண்டு போகும், பிறகு அந்த மூட்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

உடைந்ததை ஒட்ட சூப்பர் க்ளூ என்றால், கண்ணாடி பிளாஸ்டிக் பக்கம் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி படிந்து ஜன்னல் பனிபிடித்தாற்போல் வெளுத்துவிடும்.

மஞ்சளும் நொறுங்கலும்

வெள்ளை ரோபோ மஞ்சளாவது பிளாஸ்டிக்கே வெயிலிலும் காலத்திலும் வேதிமாற்றம் அடைவதால். ஜெட்ஃபயரை முழு வெள்ளையாகப் பார்ப்பது அபூர்வம். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் மூழ்கவைத்து வெளிச்சம் காட்டினால் வெளுக்கும். மருந்துக்கடைக்காரர் 20 வால்யூம் என்று கொடுப்பது 6 சதவீதக் கரைசல், அது போதும். உலோகப் பாகம், குரோம், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் நீக்கிய வெறும் பிளாஸ்டிக்கை மட்டும் கண்ணாடிப் பாத்திரத்தில் முழுதாக மூழ்கும்படி வைத்து, காலை வெயிலில் மணிக்கொரு தரம் திருப்புங்கள். பாதி வெளியே நின்றால் திட்டுத் திட்டாக வெளுக்கும். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு சேரும். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். நடுப்பகல் வெயிலில் கரைசல் சூடாகி மெல்லிய பாகங்கள் வளையும். இத்தனையும் செய்தாலும் மஞ்சள் சில வருடத்தில் திரும்ப வரக்கூடும். லேசான மஞ்சளை அப்படியே விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

இன்னொன்று, 1980-களின் இறுதியிலிருந்து வந்த பொம்மைகளில் உலோகத் துகள் சுழித்த தங்க நிற பிளாஸ்டிக். பார்க்க அழகு, தொட்டால் நொறுங்கும். 1988-இன் பிளாக் ஸாரக் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ இதற்குப் பெயர்போனது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே உடைந்துகிடக்கும் உருவங்கள் உண்டு. அந்தத் தங்க நிறம் மூட்டில் இருந்தால் உருமாற்றிப் பார்க்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

இந்தியாவில் பொம்மைக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரக்குறி கட்டாயம். பழைய பொம்மையில் அந்தக் குறி இருக்க வழியே இல்லை. ஆகவே பார்சல் நிற்கலாம், திரும்பலாம், வரி பொம்மையின் விலையைத் தொடலாம். அன்றைய விதியைச் சரிபார்த்து, வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து வீடுவந்து சேரும் விலையைக் கணக்கிட்ட பிறகே ஏலம் கேளுங்கள். 1984-இன் மெகாட்ரான் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ உருமாறினால் அச்சு அசலாக வால்தர் பி38 கைத்துப்பாக்கி. அதை விமானப் பயணத்தில் கைப்பையில் வைத்துக்கொண்டு போகும் யோசனை வேண்டாம்.

வைப்பது

நேர் வெயில் படாத சுவர், கதவுள்ள கண்ணாடி அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல். சென்னை, தூத்துக்குடிபோல் கடல்காற்று வரும் ஊர்களில் நிறம் மாறும் ஜெல் வாங்கி, மாறியதும் உலர்த்திப் போடுங்கள். புது பிளைவுட் அலமாரியில் வார்னிஷ் வாடை போகும் வரை எதையும் வைக்காதீர்கள். அந்த ஆவியும் துத்தநாகத்துக்கு ஆகாது.

மிருதுவான டயர்கள் சில, பிளாஸ்டிக் தரையில் மாதக்கணக்கில் நின்றால் ஒட்டி உருகித் தடம் பதிக்கும். அச்சாணிக்குக் கீழே சின்ன அட்டைத் துண்டு முட்டுக் கொடுத்து டயரைத் தரையிலிருந்து அரை மில்லிமீட்டர் தூக்கிவிடுங்கள். அப்படியே டயர் தட்டையாவதும் நிற்கும்.

ஏவுகுழலின் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டிய நிலையில் விடாதீர்கள். பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். குரோம் பாகத்தைப் பருத்திக் கையுறையோடு தொடுங்கள். பார்சலில் வந்த ரோபோவை ஏசி அறையில் குளிர்ந்த நிலையில் உருமாற்ற வேண்டாம், அறைச்சூட்டுக்கு வரட்டும். உருமாற்றும்போது எங்காவது இறுகினால் நிறுத்திவிட்டு அறிவுறுத்தல் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் முந்தைய படியில் ஒரு கொக்கியை விடுவிக்காமல் வந்திருப்பீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: வாங்கிய நாள், விலை, அடித்தட்டில் உள்ள எழுத்து அப்படியே, எடை, மாற்றிய பாகங்கள். நீங்கள் புது டயர் போட்டிருந்தால், புது வில்லனை உட்காரவைத்திருந்தால், அதையும் எழுதிவிடுங்கள். கழற்றிய பழைய டயரை ஜிப் கவரில் போட்டு, மேலே காரின் எண்ணைக் குறித்து வையுங்கள்.